மாடிப்படிக்கு அடியில் ஒரு வண்டி

நாற்பதைத் தாண்டி, முன் வழுக்கையும் விழுந்துவிட்டது. ஆனாலும் அந்த வீட்டில் அவன் சின்னவன்தான். பெரியவனாக இருந்த அண்ணன் போய்ச் சேர்ந்து பத்து வருஷத்துக்கு மேலாகியும் கூப்பிடுகிற பெயர் மாறவில்லை. பஸ் டெப்போவில் இன்ஜின் வேலை. கையில் கிரீஸ், மூக்கு நுனியில் கோபம். இரண்டையும் எந்த சோப்பாலும் கழுவ முடிந்ததில்லை.

அப்படிப்பட்டவனுக்கு ஒருநாள் அண்ணியிடமிருந்து போன் வந்தது. இத்தனை வருஷத்தில் நல்லது கெட்டதுக்குக்கூடப் பேசிக்கொள்ளாதவர்கள். அண்ணி சுற்றி வளைக்கவில்லை. தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தின் நூலகரை அடுத்த மாதம் பதிவுக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். அவரும் மனைவியை இழந்தவர்தான். வீட்டைக் காலி செய்வதற்குள் அண்ணனின் மோட்டார் சைக்கிளைச் சின்னவன் வந்து சரிசெய்து எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்றாள். அவன் வண்டியைப் பற்றி மட்டும் சரி என்றான். மற்றதற்கு வாயே திறக்கவில்லை. அதற்கும் அவள் தயாராகத்தான் இருந்தாள்.

"சாட்சிக் கையெழுத்து நீ வந்து போடணும் தம்பி. வேற யாருக்கும் நான் பதில் சொல்லவேண்டியதில்ல. உனக்குச் சொல்லணும். நீ வரலைன்னா நானும் போகமாட்டேன்."

இப்படி ஒரு பாரத்தைத் தலையில் தூக்கி வைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது. யாரையோ கட்டிக்கொள்ளப் போகிறவள் போகட்டும், அதற்கு நான் என்ன மேளம் கொட்டவேண்டுமா என்று அவன் மனைவியிடம் குதித்தான். குதித்து முடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியும்விட்டான். அண்ணி கூப்பிட்டதற்காக இல்லை, வண்டிக்காகத்தான் போவதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அந்த வண்டியால்தான் பேச்சு அறுந்தது. அண்ணன் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்து இறந்தபோது, காரியங்கள் முடிந்த கையோடு, வண்டியை நான் எடுத்துக்கட்டுமா என்று கேட்டுவிட்டான். கேட்ட நேரம் தப்பு. அண்ணி யாரும் அதைத் தொடக்கூடாது என்று கத்தினாள். இவனும் விடவில்லை. "அப்ப வெச்சுக்குங்க. துருப்பிடிச்சு மண்ணாப் போகட்டும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். இறங்கியவன் இறங்கியவன்தான்.

வண்டி மாடிப்படிக்கு அடியில், பழைய போர்வைக்குள் நின்றது. வெளியே உருட்டி முற்றத்தில் நிறுத்தினான். டயர் இரண்டும் வெடித்திருந்தன, ஒயர்களை எலி தின்றிருந்தது. அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். கிக்கரை மிதித்தான். சுவரை உதைத்த மாதிரி இருந்தது. கியரில் போட்டு முன்னும் பின்னும் ஆட்டிப்பார்த்தான். பிஸ்டன் அசையவில்லை. சொன்னபடியே துருப்பிடித்துவிட்டது என்று நினைத்தபோது அவனுக்கு வருத்தத்தோடு ஒரு அல்ப சந்தோஷமும் வந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

டேங்கை இறக்கி, இன்ஜின் தலைப்பகுதியைக் கழற்றினான். உள்ளே துரு இல்லை. கெட்டியான பிசின் மாதிரி பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று பிஸ்டன் தலைமீது தடிமனாகப் படிந்து, ஓரமெல்லாம் இறங்கி, சிலிண்டரோடு சேர்த்து ஒட்டிக் கிடந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தான். இன்ஜின் ஆயில் வாசனை இல்லை. கழுவாத வாணலியின் சிக்கு வாசனை.

அண்ணியைக் கூப்பிட்டுக் கேட்டான். அவள் ஒளிக்கவில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் அண்ணன் இன்ஜின் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டுவிட்டுப் போவது வழக்கம். திரும்பி வருகிறவரைக்கும் உள்ளே கெடாமல் இருக்கும் என்பான். அவள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். அவன் இறந்தபிறகு அவளும் அப்படியே செய்தாள். டப்பாவில் இருந்த எண்ணெய் தீர்ந்ததும் அடுப்படியிலிருந்து எடுத்து ஊற்றினாள். நடுவில் ஒரு வருஷம் கிக்கர் கொஞ்சம் இறுகுவதுபோலத் தோன்றியதாம். அதனால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றினாளாம்.

சின்னவனுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அந்த எண்ணெயோடு சேர்ந்து கொதித்தது.

"சமையல் எண்ணெயை எவனாவது இன்ஜின்ல ஊத்துவானா? சும்மா விட்டிருந்தாக்கூட ஓடியிருக்கும். நீங்களே கொன்னுட்டீங்க அண்ணி."

அண்ணி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் அழுதிருந்தால் இவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அழுத சத்தமும் வரவில்லை. சொன்னதில் அந்தக் கடைசி வார்த்தை அவனுக்கே சுருக்கென்றது. ஆனால் கொட்டியதை அள்ள அவனுக்கு எப்போதுமே தெரியாது. பிசின் மூழ்கும்படி தின்னரையும் மண்ணெண்ணெயையும் கலந்து ஊற்றி, துணியால் மூடிவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பினான்.

அந்த வாரம் முழுக்க டெப்போவில் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அடுத்த ஞாயிறு வந்து பார்த்தபோது பிசின் இளகியிருந்தது. பிஸ்டன் தலையில் மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் பொறுமையாகத் தட்டினான். ரொம்ப நேரம் கல்லு மாதிரி இருந்தது. பிறகு முடி அளவு நகர்ந்தது. பிறகு விரலளவு. கடைசியில் சிலிண்டரை மேலே உருவி எடுத்து, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் உட்புறத்தைத் துடைத்தான்.

துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். உள்ளே கண்ணாடி மாதிரி மின்னியது. நகத்தை மேலும் கீழுமாக இழுத்தான், எங்கேயும் தட்டவில்லை. ஒரே ஒரு மழைக்காலம் சும்மா நின்ற பஸ் இன்ஜின்களில் அம்மைத் தழும்பு மாதிரி துரு விழுந்து கிடப்பதை அவன் எத்தனையோ பார்த்திருக்கிறான். மாடிப்படிக்கு அடியில் ஓதம் ஏறிய சுவர் வேறு. சும்மா விட்டிருந்தால் ஓடியிருக்கும் என்று சொன்னானே, சும்மா விட்டிருந்தால் இந்தச் சிலிண்டரை எடைக்குத்தான் போட்டிருக்கவேண்டும். அவள் ஊற்றியது வண்டியை நிறுத்தியதும் உண்மை, மண்ணாகப் போகாமல் காத்ததும் உண்மை. மண்ணாகப் போகச் சொன்னது அவன்.

சிலிண்டரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் போய் நின்றான். அண்ணி பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கையை உள்ள விட்டுப் பாருங்க" என்றான்.

அவள் தயங்கினாள். பிறகு இரண்டு விரலை உள்ளே விட்டு மெதுவாகச் சுற்றித் தடவினாள்.

"வழுவழுன்னு இருக்கே."

"துரு ஒரு பொட்டுகூட இல்ல. அன்னைக்கு நான் பேசினது தப்பு. அன்னைக்குன்னா போன வாரம் மட்டும் இல்ல."

அவள் விரலை வெளியே எடுக்காமல் சிலிண்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது அழுதாள். அவனும் மூக்கை உறிஞ்சினான். இரண்டு பேருக்கும் அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைசியில் அவன்தான், பதிவு அலுவலகத்துக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டான். மூன்று வாரம் கழித்து வரும் திங்கட்கிழமை பத்து மணி என்றாள். மாப்பிள்ளை நேரத்துக்கு வந்துவிடுவாரா, இல்லை புத்தகத்துக்குள் மூஞ்சியை விட்டுக்கொண்டு மறந்துவிடுவாரா என்று ஒரு குத்து குத்தினான். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். அன்று அவனுக்குச் சாப்பாடு அங்கேதான்.

அதன்பிறகு வேலை மளமளவென்று ஓடியது. பழைய சாமான் கடைகளில் அலைந்து பிஸ்டன் ரிங், டயர், ஒயர் எல்லாம் வாங்கி மாட்டினான். வால்வுகளைச் சுரண்டித் தேய்த்து உட்காரவைத்தான். ஒட்டிக்கொண்டிருந்த கிளட்ச் தட்டுகளைப் பிரித்தான். கார்புரேட்டரை அலசினான். டேங்க்குக்குள் ஜல்லியைப் போட்டுக் குலுக்கிக் குலுக்கிக் கழுவினான். கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம் எல்லாம் முடிந்தது. உதைத்து உதைத்து அவன் பனியன் நனைந்தபிறகு வண்டி ஒரு இருமு இருமி, புகையைக் கக்கி, டப் டப்பென்று ஓட ஆரம்பித்தது. முற்றம் முழுக்க அடுப்பில் எண்ணெய் காய்கிற வாசனை. அண்ணி ஈரக்கையோடு ஓடிவந்தாள். முகர்ந்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒரு சுற்று சுற்றிவிட்டு வரலாம், பின்னால் ஏறுங்கள் என்றான். அவள் தலையாட்டி மறுத்தாள். அந்த சீட்டில் இனிமேல் உட்காருவது முறையில்லை என்றாள். அவனைத் தனியாகப் போகச் சொன்னாள். போய்விட்டுத் திரும்பி வரவும் வேண்டாம், அப்படியே வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போ என்றாள். அவன் புரியாமல் விழித்தான். இன்ஜின் சத்தத்துக்கு நடுவே அவள் அவன் காதருகே வந்து சொன்னாள்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரில வெளிய பெஞ்சுல நான் தூங்கிட்டேன் தம்பி. அவர் போனதை நான் பாக்கல. இதையாவது பாத்து அனுப்பணும். ஓடிப் போறதைப் பாக்கணும்."

சின்னவன் கியரைப் போட்டான்.

கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கியதும் வண்டி இழுத்த இழுப்பு அவனுக்கே ஆச்சரியம். தெரு நேர்க்கோடு. கோடியில் மெயின் ரோடு, அங்கே திரும்பினால் மறைந்துவிடலாம். கண்ணாடியில் அண்ணி கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. முக்கால் தெரு தாண்டியபோது இன்ஜின் விக்கியது. மறுபடி விக்கி, அடங்கிவிட்டது. எவ்வளவு கழுவியும் டேங்கிலிருந்து ஏதோ தூசி வந்து கார்புரேட்டரில் அடைத்துக்கொண்டது என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நட்டநடுத் தெருவில் இது நின்றால் அவளுக்கு அது வெறும் வண்டியாக இருக்காது.

கிளட்ச்சை இறுக்கிப் பிடித்தான். காலைக் கீழே விடவில்லை. வேகமாகப் போகிறவன் மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டு, வந்த வேகத்திலேயே உருளவிட்டான். மெயின் ரோட்டு இரைச்சலில் இன்ஜின் நின்றது அவளுக்குக் கேட்டிருக்காது என்று நம்பினான். வேகம் குறைந்தது, ஹேண்டில் ஆடியது. போ, போ, இன்னும் கொஞ்சம் போ என்று வாய்விட்டுக் கெஞ்சினான். யாரிடம் கெஞ்சினான் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. ஆடி அசைந்து முனையைத் திரும்பி, முதல் கடைச்சுவர் மறைத்தபிறகுதான் வண்டி நின்றது.

ஓரமாகத் தள்ளி ஸ்டாண்ட் போட்டான். சட்டைப்பையில் போன் அடித்தது.

"நல்லா ஓடுதா தம்பி?"

"நல்லா ஓடுது அண்ணி. அண்ணன் ஓட்டினப்ப ஓடின மாதிரியே ஓடுது."

"திரும்பற வரைக்கும் பாத்தேன். கண்ணை எடுக்கவே இல்ல" என்றாள் அண்ணி.

போனை வைத்துவிட்டுச் சின்னவன் நடைபாதையில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்கள் பார்க்க, அண்ணனுக்காக அழுதான். இத்தனை வருஷமாகக் கோபத்தில் அவன் அதைச் செய்யாமலே விட்டிருந்தான்.