ஆலிஸ் குனிந்ததற்கு அடுத்த ஷாட்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை எனக்கு யாரும் சொல்லவில்லை. 2004-இல் அக்கா மகளின் கல்யாண சி.டி. வாங்க ராயபுரத்தில் ஒரு வீடியோ கடைக்குப் போயிருந்தேன். உள்ளே எடிட்டிங் செய்துகொண்டிருந்த பெண் திடீரென்று இரண்டு கைகளாலும் திரையை மறைத்தாள். பக்கத்தில் இன்னொரு பெண் உட்கார்ந்திருந்தாள். திரையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அதுதான் இத்தனை வருடமாக என்னைப் படுத்துகிறது.

2

மணலிப் பக்கமிருந்து வந்த காற்றில் கந்தக நெடி—

வேண்டாம். வடசென்னை என்றால் எல்லாரும் நாற்றத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

எடிட்டர் பெயர் ஜானட், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஆலிஸ் என்று வைத்துக்கொள்கிறேன். முதலாளியும் கேமராமேனும் ஒருவரே, ஸ்டானிஸ்லாஸ். பழைய கம்ப்யூட்டர் அடிக்கடி படுத்துக்கொண்டதால் புதிது வாங்கிவிட்டார். அதில் எடிட்டிங் சாஃப்ட்வேரும் வேறு. பாதி எடிட் செய்த ஆலிஸின் கல்யாண வீடியோவைப் பழையதிலிருந்து புதியதற்கு மாற்ற வேண்டும். வெட்டிய படம் அப்படியே போகாது. எந்தக் கேசட்டில் எங்கிருந்து எதுவரை என்ற குறிப்பு மட்டும் போகும். புதிய சாஃப்ட்வேர் அதைப் படித்து, ஷாட்டுகளைத் தானே தேடி அடுக்கிக்கொள்ளும்.

(இந்தப் பத்தியைப் பலமுறை திருத்தினேன். இது புரியாவிட்டால் கதையே போச்சு.)

3

ஸ்டானிஸ்லாஸ் கேசட்டுக்கு நம்பர் போடமாட்டார். கல்யாணத்துக்கு மஞ்சள் ஸ்டிக்கர், சாவுக்கு வெள்ளை. "கலரப் பாத்தாலே தெரில? நம்பரு இன்னாத்துக்கு?" என்பார். கம்ப்யூட்டருக்கு ஸ்டிக்கர் தெரியாது. நம்பர் இல்லாத கேசட் எல்லாம் அதற்கு ஒன்றுதான்.

ஆலிஸின் அப்பா ஆசீர்வாதம் ஹார்பரில் கிரேன் ஓட்டியவர். மகள் கல்யாணமாகி மஸ்கட் போன பிறகு மாரடைப்பில் போய்விட்டார். அடக்கத்தையும் ஸ்டானிஸ்லாஸ்தான் பிடித்தார்; நம்பர் இல்லாத அந்தக் கேசட்டும் அதே கம்ப்யூட்டரில்தான் ஏறியிருந்தது. ஆலிஸுக்கு டிக்கெட் கிடைத்து வந்து சேர்வதற்குள் மண் போட்டுவிட்டார்கள். அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த வீடியோவை அம்மா அவள் கண்ணில் காட்டவும் இல்லை.

4

"எக்கா, கோயிலுக்குக் கிளம்பசொல்ல அப்பா நெத்தில சிலுவ போடுவாரே, அத்த மட்டும் போடுக்கா. பாத்துட்டுப் போயிடறேன்," என்றாள் ஆலிஸ்.

[ஜானட் முன்பே ஓட்டிப் பார்த்திருக்க மாட்டாளா? எனக்கும் சந்தேகம்தான். அவளையே கேட்டேன். "இப்பத்தான் சார் மாத்தி முடிச்சேன். அந்தப் பொண்ணு வந்து குந்திக்கினு கீது. நா இன்னா பண்ணட்டும்?"]

கல்யாணத்தில் இரண்டு கேமரா. அப்பாவைப் பிடித்தவர் ஸ்டானிஸ்லாஸ். ஆலிஸைப் பிடித்தவர் வாடகைக்கு வந்தவர், நம்பர் போடுகிறவர். அதனால் ஆலிஸ் சரியாக வந்தாள். வெள்ளைப் பட்டில் மண்டியிட்டுத் தலை குனிந்தாள். அடுத்த ஷாட்டில் அப்பா இருக்க வேண்டும். இருந்தார். பெட்டிக்குள், கையில் ஜெபமாலை சுற்றி, மூக்கில் பஞ்சோடு.

ஜானட் திரையை மறைத்தாள்.

5

முடிவு ஒன்று: கரண்ட் போய்விடுகிறது. எழுதியதும் எனக்கே வெட்கமாகிவிட்டது.

முடிவு இரண்டு: ஆலிஸ் கதற, ஸ்டானிஸ்லாஸ் ஓடிவந்து—

எனக்குப் பயமாக இருக்கிறது. விட்டுவிட்டேன்.

6

ஆலிஸ் ஜானட்டின் கைகளை விலக்கினாள். "திருப்பிப் போடுக்கா."

மறுபடி குனிந்தாள். அப்பா படுத்திருந்தார். மறுபடியும் போடச் சொன்னாள். விவரம் தெரியாதவர் பார்த்தால், மகள் பெட்டியருகிலேயே இருந்து கும்பிட்டாள் என்றுதான் சொல்வார்.

"நா அங்க கீறேன் பாருக்கா."

"தப்பா வந்துகீதும்மா. கொஞ்ச நேரம் குடு, சரி பண்ணிடறேன். உங்கப்பா சிரிச்சிக்கினு சிலுவ போடற ஷாட்டு பத்திரமா கீது."

"சரி பண்ணா நா அங்க இருக்க மாட்டேனே."

மாமியார் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பார்க்கப்போகிற கல்யாண வீடியோ இது. இரண்டு விதமாகவும் போட்டுக் கொடுக்கலாமே என்பீர்கள். ஜானட்டும் அதைத்தான் சொன்னாள்.

"ரெண்டு இருந்தா இது பொய்னு ஆயிடும்க்கா," என்றாள் ஆலிஸ்.

இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. இப்படியே சேமிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டபடி நிற்கிறது. ஜானட்டின் விரல் மவுஸ் மேல் இருக்கிறது. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் அவளிடமே சொல்லுங்கள். ஆலிஸ் பக்கத்தில்தான் இருக்கிறாள், அவள் காதில் விழும்படி சொல்ல வேண்டியிருக்கும்.