ஆடிக்குப் போனவள்

சிதம்பரம் ஸ்டேஷனில் இறங்கியதும் நேரே கோயிலுக்குத்தான் என்று அமராவதி நினைத்திருந்தாள். அண்ணி சௌந்தரமோ ஜட்காவை அண்ணாமலை நகருக்கு விடச் சொன்னாள்.

"என் தம்பி படிக்கிற காலேஜ்ல ஊர்ப்பட்ட மரம் செடியெல்லாம் வளக்கிறாங்களாம். அதப் பாத்துட்டு சாமியப் பாக்கலாம்."

"கடலூர்ல இல்லாத மரமா அண்ணி?"

"வாடி, சும்மா."

மாசி மாதத்துக் காலை. தோட்டத்தில் பனி ஈரம் காயவில்லை. ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு தகரப் பலகை, அதில் வாயில் நுழையாத பெயர்.

"நம்ம வீட்டு ஆம்பளைங்க கழுத்திலயும் இப்படி ஒண்ணு மாட்டிவச்சா, இனிக்குமா கசக்குமான்னு முன்னாடியே தெரிஞ்சிக்கலாம்" என்றாள் சௌந்தரம்.

அமராவதி சிரித்தாள். ஆனால் புன்னை மரத்தடிக்கு வந்ததும் கால் தானாக நின்றுவிட்டது. கல்யாணமான மறுவாரம், தேவனாம்பட்டினம் கடற்கரை. பேச எதுவும் கிடைக்காமல் தேவநாதன் புன்னைப் பூக்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றாக அவள் உள்ளங்கையில் வைத்துக்கொண்டே இருந்தான். கை நிரம்பியது. மூடவும் மனமில்லை, கொட்டவும் மனமில்லை. வீடு வரைக்கும் ஏந்திக்கொண்டே நடந்தாள்.

அப்புறம் காற்றில் ஒரு வாசனை. முந்திரி பூத்திருக்கிறது என்று மரத்தைப் பார்க்கும் முன்பே தெரிந்தது. குறிஞ்சிப்பாடியில் மாமியார் வீட்டுக் கொல்லையில் பச்சை முந்திரிக் கொட்டையைப் பிளந்து, பால் பட்டு அவள் விரல்கள் வெந்துபோயின. "யாரு இவள உரிக்கச் சொன்னது?" என்று தாயாரிடம் கத்திவிட்டு, தேவநாதன்தான் விரல் விரலாகத் தேங்காய் எண்ணெய் தடவினான்.

ஆடி பிறந்ததும் வழக்கப்படி பிறந்த வீட்டில் வந்து அழைத்துப் போனார்கள். ஆவணியில் புருஷன் வீட்டிலிருந்து வந்து திரும்ப அழைத்துப் போகவேண்டும். யாரும் வரவில்லை. தீபாவளி போயிற்று, பொங்கலும் போயிற்று. பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அடுத்த வாரம் பெரியவர்களை வைத்துப் பேசி, சீர்ப் பாத்திரங்களைத் திருப்பி வாங்கி உறவை முடித்துவிடுவதென்று அப்பா சொல்லிவிட்டார்.

முந்திரி மரத்துக்கு அந்தப் பக்கம் தேவநாதன் நின்றுகொண்டிருந்தான். இன்னும் ஞாபகத்துக்குள்ளேயே இருக்கிறோமோ என்று அமராவதிக்கு ஒரு கணம் தோன்றியது.

"என் தம்பிகிட்ட சொல்லி நான்தான் வரச்சொன்னேன்" என்றாள் சௌந்தரம், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

"எளைச்சிட்ட" என்றான் அவன்.

"நீங்க மட்டும் என்ன?" குரல் உடைந்தது. "ஏன் வந்து அழைக்கல?"

"நாங்க வர்றதா?" அவன் விழித்தான். "பொண்ணு வீட்லதான கொண்டாந்து விடுவாங்க? எங்க பக்கம் அப்படித்தான். ஆவணி முழுக்க அம்மா ஆரத்தி கரைச்சு வச்சிக்கிட்டு காத்திருந்தாங்க. அனுப்ப இஷ்டமில்லன்னு நெனச்சிட்டோம்."

"எங்கப்பா தெனம் ரயில் நேரத்துக்கு சட்டையப் போட்டுக்கிட்டு வாசல்ல ஒக்காந்திருந்தாரு!"

சௌந்தரம் தலையில் அடித்துக்கொண்டாள். "நல்ல குடும்பங்கடி! ஒருத்தருக்காவது கேக்கத் தோணலியே?"

"ஞாயித்துக்கிழம அம்மாவ அழைச்சிக்கிட்டு கடலூர் வரேன். மொறையா அழைச்சிட்டுப் போறேன்" என்றான் தேவநாதன்.

நாம் ஏன் முதலில் போகவேண்டும் என்று மாமியார் கேட்பாள். இவ்வளவு நாள் எங்கே போனார்கள் என்று அப்பா கேட்பார். மறுபடியும் ஒரு ஆடி வந்துவிடும்.

"வேணாம்" என்றாள் அமராவதி.

அவன் முகம் விழுந்துவிட்டது.

"ஞாயித்துக்கிழம வேணாம். இன்னிக்கே. குறிஞ்சிப்பாடி பஸ் எங்க நிக்கும்?"

"அடியே! மாத்துப் பொடவகூட இல்ல. உங்கப்பாகிட்ட நான் என்னடி சொல்லுவேன்?"

"மாப்பிள்ள வந்து அழைச்சிட்டுப் போயிட்டாருன்னு சொல்லுங்க."

"எங்கம்மாகிட்ட?" என்றான் தேவநாதன்.

"அண்ணி கொண்டாந்து விட்டாங்கன்னு சொல்லுங்க. அவுங்களும்தான் பஸ்ல வரப்போறாங்களே."

சௌந்தரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தோட்டத்து வாசலைப் பார்த்து முதல் ஆளாக நடந்தாள்.