முட்டுக் கொடுத்த நாற்காலி

தடால்!

நேரலையில் பேசிக்கொண்டிருந்த மைக் தூக்கிவாரிப் போடத் திரும்பினான். கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. அதைத் தாண்டி, கேமராவுக்கு நேரெதிரே, வாத்தியார் நின்றிருந்தார்.

மைக் என்பது நண்பர்கள் வைத்த பெயர். பதினேழு வருடங்களாகத் தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காகப் பேசிப் பேசியே தொண்டை கட்டியவன். முதலில் பெயர் போடாமல் பத்திரிகைக் கட்டுரை, பிறகு குரலை மாற்றி வானொலி, அப்புறம் முகத்தோடு டிவி. இப்போது எந்த சேனலில் விவாதம் என்றாலும் முதல் போன் அவனுக்குத்தான்.

வாத்தியார் பதினொரு வருடமாக அவனுடைய துணை. பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பவர். சேர்ந்து குடிவந்த அன்றே ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: தன் முகம் எந்தக் கேமராவிலும் வரக் கூடாது, வந்தால் மறுநாளே வேலை போய்விடும். அதனால் வீட்டிலிருந்து பேசும் நாட்களில் மைக்குக்கு இருப்புக் கொள்ளாது. ஜன்னல் கண்ணாடியில் நிழல் விழுகிறதா, கொடியில் இரண்டு அளவுச் சட்டை தொங்குகிறதா என்று பத்துத் தடவை பார்ப்பான். தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கு நாற்காலியைச் சாய்ப்பான். வாய் பேசும், காது கதவில் இருக்கும்.

இந்த ஞாயிறு காலை எதிரணியில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர். குடும்பம் குடும்பம் என்கிறாரே, அந்தக் குடும்பத்தின் இன்னொரு ஆளை ஒருநாளாவது கண்ணில் காட்டியிருக்கிறாரா என்று மைக்கைக் கிண்டலடித்தார். பக்கத்து அறையில் வாத்தியார் மெல்ல வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த டிவி சத்தம் சட்டென்று நின்றது. ஐந்தாறு நிமிடம் கழித்துத்தான் நாற்காலி விழுந்தது.

"உங்க பின்னாடி யாரு சார்?" என்றாள் தொகுப்பாளினி.

வாத்தியார் நகரவில்லை. நேராகக் கேமராவைப் பார்த்தார்.

எந்தக் கேள்விக்கும் மைக் இவ்வளவு வேகமாகப் பதில் சொன்னதில்லை.

"எலக்ட்ரீஷியன்ங்க. ஃபேன் ரிப்பேர் பண்ண வந்திருக்காரு."

தொகுப்பாளினி சிரித்துவிட்டு விளம்பர இடைவேளை விட்டாள். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. மீதி இருபது நிமிடம் என்ன பேசினான் என்று மைக்குக்கே தெரியாது. பள்ளித் தாளாளர் பார்த்திருப்பாரா? பிள்ளைகளின் பெற்றோர்?

முடிந்ததும் சமையலறைக்கு ஓடினான். வாத்தியார் முதுகைக் காட்டிக்கொண்டு டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். நாலு நொடிதான், யாரும் சரியாகப் பார்த்திருக்க மாட்டார்கள், நாளைக்கே கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிடலாம் என்று மூச்சுவிடாமல் கொட்டினான். தெரியாமல் வந்ததற்கு வருத்தப்பட வேண்டாம் என்றும் பெருந்தன்மையாகச் சேர்த்துக்கொண்டான்.

வாத்தியார் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பினார்.

"ஞாயித்துக்கிழமை பூரா பனியனோட சுத்துறவன், இன்னைக்குத் தலை வாரி, அயர்ன் பண்ணின சட்டை போட்டுக்கிட்டு வந்து நின்னேன்… எலக்ட்ரீஷியன் மாதிரியா இருந்துச்சு உனக்கு?"