தலையிடி என்று சொன்னேன்

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து வந்தது. 1988, லண்டன் எட்மண்டனில் ஒரு டொக்டரின் அறை. என் தம்பி குகதாசனுக்கு இங்கிலீஷ் ஓடாது என்று, மொழிபெயர்க்க நானும் கூடப் போயிருந்தேன்.

(தம்பி என்று எழுதியதை அடிக்கவில்லை. அன்று அப்படித்தான் கூப்பிட்டேன். அவள் தனக்கு வைத்திருந்த பெயர் ரமா. இனி அவள்தான்.)

2

முதல் தொடக்கம்: லண்டனில் அன்று பனி கொட்டி...

வேண்டாம். பயத்தைத் தள்ளிப்போடத்தான் பனியை எழுதுகிறேன்.

இரண்டாவது: டொக்டர் வெள்ளைக்காரி, நல்ல மனுஷி. என்ன வருத்தம் என்று கேட்டார். ரமா நிலத்தைப் பார்த்தபடி என்னிடம் தமிழில் சொன்னாள்:

"நான் பொம்பிளை எண்டு சொல்லுங்கோ அண்ணை. சின்னனிலை இருந்தே. இதுக்கெண்டு பெரியாஸ்பத்திரியிலை டொக்டர்மார் இருக்கினமாம், கடிதம் தரச் சொல்லுங்கோ. இப்பிடியே என்னாலை இருக்க ஏலாது."

எங்கள் இருவரின் அகதி விண்ணப்பமும் முடிவாகவில்லை. டொக்டர் எழுதுவதெல்லாம், அகதி விண்ணப்பங்களை முடிவுசெய்கிற ஹோம் ஆபீசுக்குப் போகும் என்று எங்கள் ஆட்கள் நம்பிய காலம்.* கொழும்புக்குப் பிளேன் ஏற்றிவிடுவார்கள் என்று பயந்தேன்.

"தலையிடியாம்," என்று இங்கிலீஷில் சொன்னேன்.

* அப்படிப் போவதில்லை என்று அறிய எனக்கு மூன்று வருடம் எடுத்தது. சனம் என்ன சொல்லும் என்ற பயமும் இருந்தது. முதல் பிரதியில் அதை மறைத்திருந்தேன்.

3

பஸ் தரிப்பில், தலையிடிக்குத் தந்த குளிசைப் பெட்டியும் கையுமாக ரமா சொன்னாள்:

"அண்ணை, அவ்வளவு இங்கிலீஷ் எனக்கு விளங்கும்."

"அப்ப ஏன் பேசாமல் இருந்தனீ?"

"பயம். நீங்களும் கோவிச்சுக்கொண்டு போனால் எனக்கு இஞ்சை ஆர்?" பிறகு மெதுவாக, "வாற கிழமையும் வருவியளோ?"

"ஓம்," என்றேன்.

4

முடிவு ஒன்று: அண்ணன் திருந்தி எல்லாவற்றையும் சொல்கிறான். எழுதிப் பார்த்தேன், எனக்கே கூச்சமாக இருந்தது.

முடிவு இரண்டு: ரமா தனியாகப் போய்த் தானே... இல்லை. இதைச் சொல்கிற அளவுக்கு அவளிடம் இங்கிலீஷ் இல்லை.

முடிவு மூன்று: குளிசைப் பெட்டி வெறுமையாக

எழுத மாட்டேன்.

உண்மையில் நடந்ததையும் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்கள் தப்பிவிடுவீர்கள். அடுத்த கிழமை, அதே அறை, என் கதிரையில் நீங்கள். விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. டொக்டர் கேட்கிறார். ரமா அதே சொற்களை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்துவிட்டாள். இப்போது இரண்டு பேரும் உங்களைத்தான் பார்க்கிறார்கள்.