வியாழக்கிழமை நாலு மணி முதுகு

"தடவுற வேலைன்னு சொல்லாதேன்னு உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?" என்று சின்னவள் கத்திய கத்தலில், படியேறிக்கொண்டிருந்த பால்காரர் இரண்டாவது மாடியிலேயே நின்றுவிட்டார். நிற்காமல் என்ன செய்வார், மூன்றாவது மாடிக்காரிகளின் சண்டையை முழுசாகக் கேட்கும் பாக்கியம் எல்லா நாளும் கிடைக்குமா?

"வேற என்னடி சொல்றது? கண்ட ஆம்பள முதுகுலயும் எண்ணெய் தேய்க்கிறதுக்கு வேற பேரு இருக்கா?" இது பெரியவள், அவளுடைய அக்கா.

"இருக்கு. மசாஜ் தெரபிஸ்ட். சான்றிதழ்ல கொட்டை எழுத்துல போட்டிருக்கு, போய்ப் படி."

"ஆமா, அதைக் கழுத்துல மாட்டிக்கிட்டு வந்து உட்காரு! அஞ்சு மணிக்கு அந்த மனுஷன் வர்றாரு. என்ன வேலைன்னு கேட்டா, ஆஸ்பத்திரியில ரிசப்ஷன்ல இருக்கேன்னு சொல்லு. சொன்னா வாயிலேர்ந்து முத்து உதிர்ந்துடுமா?"

"வாராவாரம் உன் கழுத்து பிடிச்சுக்கிட்டா மட்டும் என் கை வேணும். அது என்ன, ரிசப்ஷனா?"

மாமா, அதாவது பெரியவளின் கணவர், செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். அந்த வீட்டில் செய்தித்தாள் படிப்பதற்கு வாங்கப்படுவதில்லை, மறைந்துகொள்வதற்கு வாங்கப்படுவது.

பெரியவளைக் கெட்டவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தங்கைக்கு முப்பத்தெட்டு வயது. அம்மா போனதிலிருந்து ஒன்பது வருஷமாக அக்கா வீட்டு முன்னறையில்தான் படுக்கை. இதற்குமுன் வந்த இரண்டு வரன்களும் வேலையின் பெயரைக் கேட்டதும் காப்பியைக்கூட முடிக்காமல் எழுந்து போயிருக்கின்றன. மூன்றாவதும் எழுந்து போவதைப் பார்க்கப் பெரியவளுக்குத் தெம்பில்லை. அதைச் சொல்லத் தெரியாமல்தான் அவள் கத்தினாள். சின்னவளுக்கும் அது தெரியும். ஆனாலும் கத்தினாள். அக்கா தங்கை என்றால் அப்படித்தான்.

இன்றைக்கு வரப்போகிற வரனைப் பற்றிச் சின்னவளுக்கு எந்த ஆவலும் இல்லை. தரகரம்மா ஒரு புகைப்படம் கொடுத்திருந்தாள். பாஸ்போர்ட்டுக்கு எடுத்ததுபோல நேராகப் பார்க்கும் முகம், கத்தரித்த மீசை. ஆண்களுக்கான தையற்கடை வைத்திருக்கிறாராம். மனைவி இறந்து ஆறு வருஷம். சின்னவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "யாரோ ஒருத்தர்," என்று திருப்பிக் கொடுத்தாள்.

அவளுக்கு எல்லா முகமும் யாரோ ஒருவர்தான். அது அவள் தொழிலின் கோளாறு. அவள் வேலை பார்க்கும் வலி நிவாரண நிலையத்தில் மூன்று அறைகள், மூன்று மேசைகள். வருபவர் உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி, மேசையின் தலைமாட்டில் இருக்கும் வட்ட ஓட்டைக்குள் முகத்தைப் புதைத்து, துண்டை இடுப்பில் போர்த்திக்கொண்டு, பக்கத்திலிருக்கும் மணியை அழுத்த வேண்டும். அப்புறம்தான் அவள் திரையை விலக்கி உள்ளே போவாள். முடிந்ததும், "மெதுவா எழுந்திருங்க," என்று சொல்லிவிட்டு அவர் எழுவதற்குள் வெளியே வந்துவிடுவாள். ஆக, முகத்துக்கும் அவளுக்கும் முதல் நாளோடு உறவு முடிந்தது. அந்த முதல் நாளிலும் அது வலியில் கசங்கிப்போன முகமாகத்தான் இருக்கும். ஆட்களை அவள் நேரத்தைக் கொண்டுதான் அழைப்பாள். செவ்வாய் பத்து மணி. சனி மதியம். தெருவில் யாராவது, "என்னம்மா, நல்லாயிருக்கீங்களா?" என்றால் பொதுவாக ஒரு சிரிப்பு வைத்திருக்கிறாள், அதைக் கொடுப்பாள். அவர் தாண்டிப் போன பிறகு திரும்பிப் பார்த்து, "அட, செவ்வாய் பத்து மணி!" என்று நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

"நம்ம ஆளுங்களைக் கண்டுபிடிக்கணும்னா பின்னாடியே போகணும்மா. போனா போலீஸ் புடிச்சுக்கும்," என்பார் அடுத்த அறையில் மசாஜ் செய்பவர். அவரை எல்லோரும் டிரைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தத் தொழிலுக்கு ஏன் வந்தாய் என்று முதலாளியம்மா எல்லோரையும் சேரும் நாளில் கேட்பது வழக்கம். பெரும்பாலோர் சேவை, தொண்டு என்று எதையாவது சொல்லி வைப்பார்கள். டிரைவர் சொன்னது இது: "இருபது வருஷம் பஸ் ஓட்டினேன். முதுகு போச்சு. எங்க போச்சுன்னு தேடிக்கிட்டே வந்தேன், இங்க வந்து சேர்ந்துட்டேன்."

சின்னவள் சொன்னது, "அம்மா என்னை இறக்கி விட்டுட்டாங்க."

முதலாளியம்மாவுக்குப் புரியவில்லை. விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. அம்மா ஒரு பெரிய விடுதியின் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்றபடி படுக்கை விரிப்புகளை மடித்தவள். வீட்டுக்கு வந்ததும் பாயில் குப்புற விழுந்து, "ஏறி மிதிச்சு விடுடி," என்பாள். பெரியவள் அப்போதே கனம். ஆறு வயதுச் சின்னவள்தான் சரியான எடை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் முதுகில் அடியடியாக நடப்பாள். எந்த இடத்தில் குதிகால் வைத்தால் அம்மா மூச்சைப் பிடிக்கிறாள், எந்த இடத்தில் விரல்கள் பதிந்தால் விடுகிறாள் என்று பாதத்துக்குத் தெரிந்திருந்தது. பகலெல்லாம் எரிந்து விழும் அம்மா, அந்தக் கால்மணி நேரம் மட்டும் தரையோடு தரையாக இளகிப்போவாள். ஒன்பதாவது வயதில் ஒருநாள் அம்மா, "போதும், இறங்கு. நீ வளந்துட்டே," என்றாள். அதற்கு ஏன் அப்படி அழுகை வந்தது என்று சின்னவளுக்கு இன்றைக்கும் தெரியாது. அழுதுகொண்டே இறங்கி, பக்கத்தில் உட்கார்ந்து, கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தக் கைக்கு ஒரு ரகசியமும் இருந்தது. வியாழக்கிழமை நாலு மணி. இரண்டு வருஷமாக வரும் முதுகு அது. வலது தோள் எதையோ ஒட்டுக் கேட்பதுபோல் காதை நோக்கி ஏறியே இருக்கும். பேச்சில்லை. ஓட்டைக்குள்ளிருந்து "ம்" என்று ஒரு சத்தம், எப்போதாவது "கொஞ்சம் கீழ". கடைசிப் பத்து நிமிஷம் தூங்கிப்போகும். அப்போது அந்தத் தோள் மெல்ல மெல்லக் காதை விட்டு இறங்குவதைப் பார்க்க அவளுக்கு எதையோ சாதித்துவிட்டதுபோல இருக்கும். "வியாழக்கிழமைன்னா மட்டும் கையை ரெண்டு நிமிஷம் அதிகமா சூடு பண்றே," என்று டிரைவர் ஒருநாள் சொன்னார். "எண்ணெய் ஜில்லுன்னு இருக்கு, அதான்," என்றாள். எண்ணெய் மற்ற நாளிலும் ஜில்லென்றுதான் இருந்தது.

ஐந்து மணிக்குத் தரகரம்மாவோடு தையற்காரர் வந்தார். வந்து உட்கார்ந்ததும் சின்னவளைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒன்றைப் பங்குபோடுகிற சிரிப்பு. 'முதல் தடவையே இப்படிச் சிரிக்கிறாரே, கொஞ்சம் அசடோ?' என்று நினைத்துக்கொண்டாள். தரகரம்மா பேசினாள், பெரியவள் பேசினாள், மாமாகூடச் செய்தித்தாள் இல்லாத குறையில் இரண்டு வார்த்தை பேசினார். கடைசியில் தையற்காரர் மீசைக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"நீங்க எங்க வேலை பாக்குறீங்க?"

பெரியவளின் பார்வை ஊசிபோல வந்து குத்தியது. அந்தக் கண்ணில் கோபத்தைவிடக் கெஞ்சல்தான் அதிகம் இருந்தது.

"ஆஸ்பத்திரியில," என்றாள் சின்னவள். "ரிசப்ஷன்ல."

சிரிப்பு அணைந்தது. "எத்தனை வருஷமா?"

"பதினோரு வருஷமா." ஒரு பொய்க்கு அப்புறம் அடுத்தது தானாகவே வந்துவிடுகிறது.

அவர் காப்பியைக் கீழே வைத்தார். "சரிங்க," என்று எழுந்தார். வாசலில் செருப்பு வாரை மாட்டக் குனிந்தார். குனிந்தபோது வலது தோள் காதை நோக்கி ஏறியது. நிமிருமுன் இடது கை இடுப்பைத் தாங்கியது. சின்னவளின் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே விரல்களுக்குத் தெரிந்துவிட்டது.

"வியாழக்கிழமை நாலு மணி!" என்று கூவிவிட்டாள்.

தரகரம்மாவின் முகம் மலர்ந்தது. "பாருங்க, பொண்ணே நாள் குறிச்சிடுச்சு!"

தையற்காரர் திரும்பவில்லை. "ஆமாங்க, வியாழக்கிழமை நாலு மணிதான். ஆனா அங்க இருக்கறவங்க வேற யாரோ போலிருக்கு," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்ததைச் சண்டை என்று சொல்ல முடியாது. சின்னவள் முழுசும் சொன்னாள். பெரியவள் கேட்டுவிட்டு வெகுநேரம் நாற்காலியின் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு வருஷமா ஒரு ஆளைத் தொடுறே, மூஞ்சி தெரியாதா?" என்றாள் கடைசியில்.

"நீ மாமாவோட முதுகை எப்பவாவது பார்த்திருக்கியா?"

பெரியவள் மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். மாமா செய்தித்தாளைத் தேடினார்.

வியாழக்கிழமை வந்தது. பதிவேட்டில் நாலு மணிக்காரரின் பெயர் அடிக்கப்படாமல் அப்படியே இருந்தது. வந்தால் என்ன சொல்வது, வராவிட்டால் யாரிடம் சொல்வது என்று சின்னவள் துண்டுகளை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். இரண்டு வருஷமாக அவளை நம்பித் தூங்கியவர் அவர். தன் வேலையைச் சொல்லக் கூசுகிற ஒருத்தியின் கையிலா தூங்கினோம் என்று அவர் நினைத்துவிட்டால்? அதை நினைத்தபோது உள்ளங்கை குளிர்ந்துபோயிற்று.

நாலு மணிக்கு மணி அடித்தது. திரையை விலக்கினாள். அவர் படுத்திருக்கவில்லை. சட்டையோடு மேசை விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"மூஞ்சியைக் காட்டிட்டுப் போலாம்னு வந்தேன்," என்றார்.

அவள் சுவரோரம் நின்றாள். "பொய் சொன்னேன், ஒத்துக்கறேன். ஆனா தெரியாத மாதிரி நடிக்கலை. நிஜமாவே தெரியலை."

"ரெண்டு வருஷமாங்க!"

"ரெண்டு வருஷமா உங்க மூஞ்சி அந்த ஓட்டைக்குள்ளதானே இருந்துச்சு?" அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "வலது தோள்பட்டைக்குக் கீழ வரிசையா மூணு மச்சம் இருக்கு, உங்களுக்குத் தெரியுமா? சீசன்ல வேலை அதிகமானா இடது இடுப்பு இறுகிடும். போன வருஷம் மழைக்கு முன்னாடி ஒரு வாரம் நீங்க மூச்சையே முழுசா விடலை. வீட்டுல யாரோ போயிட்டாங்கன்னு நினைச்சேன். கேக்கலை. பத்து நிமிஷம் கூடுதலா கையை வெச்சிருந்தேன்."

அவர் தரையைப் பார்த்தார். "அண்ணன்," என்றார். "அண்ணன் போயிட்டாரு."

வெளியே டிரைவர் யாருக்கோ தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

"போன மாசம் கடைக்கு ஒருத்தர் வந்தாரு," என்று தையற்காரர் மெதுவாக ஆரம்பித்தார். "என்னை நல்லா தெரிஞ்சவர் மாதிரி குசலம் விசாரிக்கிறாரு. எனக்கு யாருன்னே தெரியலை. அளவெடுக்கக் கையைத் தூக்கினாரு பாருங்க, இடது கை மட்டும் அரை இஞ்ச் நீளம்! அப்பதான் ஆள் யாருன்னு புடிபட்டுச்சு. பத்து வருஷமா எங்கிட்டதான் தைக்கிறாரு."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த முகத்தை அவர் ஒரு கணம் அளவெடுப்பதுபோலப் பார்த்தார்.

"ரிசப்ஷன்ல இருக்கற பொண்ணை நான் கேக்கலைங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்," என்றார்.

இதற்கு மேல் அவர்களால் பேச முடியவில்லை. ஏனென்றால் அதற்குள் முதலாளியம்மா திரையை விலக்கிவிட்டாள். காது கேட்காது என்று ஊர் நம்புகிற, ஆனால் எல்லாம் கேட்கிற காது அவளுக்கு.

"எங்க இடத்துல ஒரு சட்டம் இருக்கு. கல்யாணப் பேச்சுன்னு வந்துட்டா அந்த ஆளு மேல நீ கை வைக்கக் கூடாது. ஒண்ணு மனுஷன், இல்லைன்னா முதுகு. எது வேணும்னு இப்பவே சொல்லு."

இருபது வயதுக்காரியாக இருந்தால் யோசித்திருக்கவே மாட்டாள். சின்னவள் யோசித்தாள். அந்த முதுகை அவளுக்கு அவ்வளவு நன்றாகத் தெரியும். இந்த முகத்தைப் பார்த்து நாலு நாள்கூட ஆகவில்லை, அதிலும் முதல் பார்வை பொய்யில் போயிற்று. தையற்காரர் மேசை விளிம்பிலேயே காத்திருந்தார். வலது தோள் காதுவரை ஏறியிருந்தது. அதை அழுத்தி இறக்கிவிடக் கை பரபரத்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அண்ணே," என்று டிரைவரைக் கூப்பிட்டாள். "வியாழக்கிழமை நாலு மணி இனிமே உங்களுது. எடுத்ததும் தோள்ல அழுத்திடாதீங்க, முதல்ல கழுத்து. இடது இடுப்புல கட்டைவிரல் வேண்டாம், உள்ளங்கைதான். கடைசிப் பத்து நிமிஷம் தூங்குவாரு, பேச்சுக் குடுக்காதீங்க. எண்ணெயை..." பின்னால் கட்டிய கைகளை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "எண்ணெயைச் சூடு பண்ணிக்கோங்க."

"பொண்ணைக் கட்டிக் குடுக்கறவங்ககூட இவ்வளவு சொல்லி அனுப்ப மாட்டாங்கம்மா," என்றார் டிரைவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

நாலு மாசத்தில் பதிவுத் திருமணம் நடந்தது. தையற்கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகளுக்குச் சின்னவள் குடிபோனாள். வியாழக்கிழமைகளில், "இன்னிக்குத் தோள் இறங்குச்சா?" என்று அவள் கேட்பதும், "கட்டில் ரகசியம் வெளிய சொல்லக் கூடாதும்மா," என்று டிரைவர் பிகு பண்ணுவதும் கொஞ்ச காலம் நடந்தன. பிறகு டிரைவரும் ஒரு நர்ஸம்மாவைக் கட்டிக்கொண்டு கடலோர ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். தரகரம்மா, பேசி முடித்த பெருமை எல்லாம் தனக்குத்தான் என்று சொல்லியபடி மகன் வீட்டோடு போய்விட்டாள். பெரியவள் இப்போது யார் கேட்டாலும் "என் தங்கச்சி தெரப்பிஸ்டு" என்கிறாள், கேட்காதவர்களிடமும்.

திருமணத்தன்று எடுத்த படம் கடையின் உள்சுவரில் மாட்டியிருக்கிறது. பெரியவளும் மாமாவும் டிரைவரும் முதலாளியம்மாவும் கேமராவை நேராகப் பார்த்து விறைத்து நிற்கிறார்கள். சின்னவளின் பார்வை மட்டும் கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கிறது, படமெடுக்கிறவரின் கழுத்தில் பை வார் அழுந்திக்கொண்டிருந்த இடத்தில். அதை மாற்றித் தோளில் போட்டுக்கொள்ளச் சொல்வதற்காக அவள் வலது கை பாதி உயர்ந்திருக்கிறது. அந்தக் கையைத்தான் தையற்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.