எட்டு சென்டிமீட்டர்

கடைவீதி போர்டுகளுக்கு விதி எழுதியவர் ஜெகநாதன்தான். எழுதித் தரச் சொல்லி நகராட்சி, வியாபாரிகள் சங்கத்தைக் கேட்டது, சங்கம் அதைச் செயலாளரான அவர் தலையில் கட்டியது. அகலம் மூன்று மீட்டரைத் தாண்டக் கூடாது. சுவரை விட்டு வெளியே நீட்டக் கூடாது. தமிழ் எழுத்து மேலே, பெரிதாக இருக்க வேண்டும். யாருக்கும் விலக்கு கிடையாது. அந்தக் கடைசி வரியை யாரும் கேட்கவில்லை. எழுத உட்கார்ந்த கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான்.

எழுதியதோடு விட்டாரா? டேப்பைத் தூக்கிக்கொண்டு வீதி முழுக்க அளந்தார். டீக்கடை பன்னீர்செல்வத்தின் போர்டு கொஞ்சம் நீளம் என்று சொல்லி, அதில் வரைந்திருந்த கப்பின் பிடியை வெட்டவைத்தார். அதன் பிறகு இவரைப் பார்க்கும்போதெல்லாம் பன்னீர்செல்வம் ஒரு மாதிரி சிரித்தார். ஜெகநாதன் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

அதே மாதம் டீக்கடைக்குப் பக்கத்தில் அவரும் சொந்தமாகப் பட்டுக்கடை திறந்தார். இருபத்தாறு வருஷம் இன்னொருவர் கடையில் துணி அளந்த மனுஷர்; அந்த முதலாளி சார்பில்தான் சங்கத்துக்கே போய்வந்தார். போர்டின் இடது ஓரத்தில் பிள்ளையார், நடுவில் கடைப் பெயர், வலது ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு அவர் முகம்.

"இந்த மூஞ்சியப் பாத்து யாரு பட்டு எடுப்பாங்க?" என்றாள் மனைவி உண்ணாமலை.

அவருக்கு ஆசை. இத்தனை வருஷம் கழித்தாவது ஊர் தன் முகத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். வேறு யாரையும் நம்பாமல், கடையின் இரும்பு மீட்டர் கோலால் தானே அளந்து போர்டுத் தகட்டுக்கு அளவு கொடுத்தார்.

மறுவாரம் நகராட்சிப் பொறியாளர் மதிவதனி டேப்போடு வந்தார். வீதி முழுக்கச் சரியாக இருந்தது. ஜெகநாதன் போர்டு மட்டும் எட்டு சென்டிமீட்டர் அதிகம்.

"நானே அளந்தேங்க மேடம்!"

"எப்படி அளந்தீங்க, காட்டுங்க."

காட்டினார். ஒவ்வொரு மீட்டர் முடிவிலும் கட்டைவிரலை வைத்து, விரலுக்கு அந்தப் பக்கம் கணக்கை முடித்தார். துணி வாங்குகிறவர் குறை சொல்லக் கூடாதென்று பழகிய விரல். தகட்டுக்கும் அதே தாராளம்.

"சங்கத்துலேர்ந்து லெட்டர் குடுங்க, விலக்கு கேட்டுப் பாக்கலாம்," என்றார் மதிவதனி.

"யாருக்கும் கிடையாதுன்னு எழுதிகினு திரிஞ்சாரே, அவரையே கேளுங்க," என்றார் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பன்னீர்செல்வம்.

வீதியே பார்த்தது. ஜெகநாதனுக்கு லெட்டர் எழுதக் கை வரவில்லை. வெட்டுவதென்றால் பிள்ளையாரையா வெட்ட முடியும்? பன்னீர்செல்வம் வெகு சந்தோஷமாக ஏணியைப் பிடித்துக்கொண்டார். ஒரு காது, ஒரு கன்னம், மீசையின் ஒரு நுனி போயின. அன்று முழுக்க ஜெகநாதன் போர்டை நிமிர்ந்தே பார்க்கவில்லை. வருத்தத்தை வெளியில் சொல்லவும் வெட்கமாக இருந்தது.

மறுநாள் தேவிகாபுரத்திலிருந்து கனகவதி என்றொரு அம்மா ஜாக்கெட் துணிக்கு வந்தார்.

"போர்டுல பாதி மூஞ்சியா நிக்கறாரே, யாருங்க அது?"

"யாரோ விதி எழுதுறவராம்," என்று சொல்லிவிட்டு ஜெகநாதன் கோலை எடுத்தார். மீட்டர் முடிந்ததும் விரல் தானாக நுனியில் போய் உட்கார்ந்தது.

அந்த அம்மா விரலையே பார்த்தார். "ஐயோ, பழைய கடையில அளந்துகினு இருந்தவரு நீங்கதானா! உங்களக் காணோம்னு எத்தினி கடை ஏறி இறங்கினேன் தெரியுமா?"

ஜெகநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. முகத்துக்குப் பதில் இந்த விரலை அச்சடித்திருந்தால் மூன்று மீட்டருக்குள்ளேயே அடங்கியிருக்குமே என்று நினைத்துக்கொண்டே துணியை வெட்டினார்.