இரண்டு விரல் உயரம்

மீன் தொட்டிக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்ததுமே அவனுக்குக் கொட்டாவி வந்தது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவன். கடைக்கு லீவு சொல்லிவிட்டு, வீட்டில் ஒரு பிளாஸ்டிக் குழாயைக் காவல் காக்க உட்கார்ந்திருந்தான்.

நாளைக் காலை பஸ். இருவருக்கும் ஒரே சமயத்தில் லீவு கிடைத்துக் கடற்கரையோரம் ஒரு அறையும் சொல்லி வைத்தாயிற்று. அவன் மனைவிக்கு ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் இரவு வேலை. ராத்திரி முழுக்க அவள் காதில் யாராவது பதறிக்கொண்டே இருப்பார்கள். காலையில் அவள் உள்ளே வரும்போது அவன் கிளம்புவான். மாலையில் அவன் வரும்போது அவள் கிளம்புவாள். பல மாதங்களாக அவர்களுடைய குடும்பம் நடந்தது வாசலில்தான், ஒருவர் செருப்பைக் கழற்ற, மற்றவர் செருப்பை மாட்ட.

இப்போது அந்தப் பயணத்துக்குக் குறுக்கே நின்றது இந்தத் தொட்டி.

அது கடல்நீர்த் தொட்டி. மேலே கண்ணாடிக்குள் ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்களும் ஒரு பவளமும். அடியில் அலமாரிக்குள் இன்னொரு சின்னத் தொட்டி. அதிலிருக்கும் மோட்டார் தண்ணீரை மேலே அனுப்பும். அது குழாய் வழியாகத் திரும்பிக் கீழே வரும். காற்றில் காய்ந்து போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே தங்கிவிடும். அதனால் குறைகிற அளவுக்கு நல்ல தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கென்றே ஒரு கருவி வாங்கியிருந்தான். கீழ்த்தொட்டியின் சுவரில் நகத்தளவுக்கு ஒரு சென்சார். தண்ணீர் அதற்குக் கீழே இறங்கினால், பக்கத்துக் கேனிலிருந்து நல்ல தண்ணீர் தானாக வரும்.

வந்துகொண்டுதான் இருந்தது. அளவுக்கு மீறி. கொஞ்ச நாளாகத் தினமும் அலமாரியடியில் ஈரம், தொட்டியில் உப்பு குறைவு. பவளம் முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி சுருங்கிக் கிடந்தது. சென்சாரைக் கழற்றி வினிகரில் ஊறவைத்துத் துடைத்தான். அதில் ஒட்டியிருந்த நத்தையைப் பிடித்து மேலே விட்டான். கேனிலிருந்து வரும் குழாயின் முனை தண்ணீரில் மூழ்கினால் கருவி நின்ற பிறகும் தண்ணீர் இழுத்துக்கொண்டு வருமென்று, அதை உயரத் தூக்கிக் கட்டினான். கடைசியில் புது சென்சாரே மாட்டினான். மறுநாளும் ஈரம்.

இப்படியே விட்டுப் போனால் திரும்பி வரும்போது எதுவும் உயிரோடு இருக்காது.

வேலைக்குப் போகிற வழியில் மைத்துனன் வந்தான். லிஃப்ட் பழுது பார்ப்பவன். அவர்கள் இல்லாத நாளில் மீனுக்குத் தீனி போடுவதாக ஒப்புக்கொண்டிருந்தவன்.

"மாமா, முன்னாடியே சொல்லிடறேன். தீனி போடறது என் பொறுப்பு. இந்த ஆட்டோமேட்டிக் எனக்குச் சரிப்படாது. ஆட்டோமேட்டிக்குனு பேரு, அதுக்கு ஒரு ஆள் லீவு போட்டு உக்காரணும்!"

"நீ வேற, வெந்த புண்ல வேலைப் பாய்ச்சாதேடா."

"அக்கா எங்க?"

"இப்பதான் வந்து படுத்தா."

மைத்துனன் குரலைத் தாழ்த்தினான். "அக்கா புதுசா பெட்டியெல்லாம் வாங்கி வச்சிருக்கு மாமா. இந்தத் தடவையும் போகலைன்னா, நான் இந்தப் பக்கம் தலைகாட்டவே மாட்டேன். நீங்களாச்சு, அதுவாச்சு."

மைத்துனன் போனதும் வீடு அமைதியானது. இவன் அலமாரிக் கதவைத் திறந்து வைத்து, டார்ச்சை முட்டுக்கொடுத்து நிறுத்திக்கொண்டு, சென்சாரையே பார்த்தான். தண்ணீர் முடியளவு இறங்கியது. சிவப்பு விளக்கு மின்னியது. கேனிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் வந்தது. விளக்கு அணைந்தது. திரும்பவும் அதேபோல். பரீட்சைக்குப் பயந்த பிள்ளை போல இன்றைக்கென்று ஒழுங்காக நடந்துகொண்டது. மத்தியானம் ஆகியும் தரையில் ஒரு சொட்டு இல்லை. அவனுக்கு அழுகை வராத குறை. கெட்டுப்போன பொருளையாவது சரி செய்யலாம். கெடாத பொருளை என்ன செய்வது?

படுக்கையறையில் கட்டில் முனகியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். பிறகு அவள் வெளியே வந்தாள். தலை கலைந்து, கண் சிவந்து, இரண்டு காதிலும் பஞ்சு.

"ஏங்க, இன்னும் எவ்ளோ நேரம் இங்கயே உக்காந்திருப்பீங்க?"

"ஏன்மா, தூங்கலையா?"

"எங்க தூங்கறது? நீங்க எழுந்து போனா அந்த மோட்டாரை அணைச்சிட்டாவது படுப்பேன். தினமும் அணைச்சிட்டுத்தானே தூங்கறேன்."

சொல்லிவிட்டு அவள் தண்ணீர் குடிக்கப் போனாள். அவன் முக்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"தினமுமா?"

"ஆமா. கட்டில் தலைமாடு இந்தச் சுவர்லதானே இருக்கு, சுவரே உறுமற மாதிரி இருக்கும். நீங்க ராத்திரி கட்டை மாதிரி தூங்கறீங்க, உங்களுக்கு எங்க கேக்கும்? மேல அலை அடிக்கிற சின்ன விசிறிய விட்டுத்தான் வைப்பேன், மீனுக்கு ஒண்ணும் ஆகாது. சாயங்காலம் எழுந்து மோட்டாரைப் போட்டுட்டு, உங்க மெஷின் விட்ட தண்ணியையும் துடைச்சிட்டுக் கிளம்புவேன்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"எப்பச் சொல்றது? செருப்பு போடறப்பவா?" அவள் டம்ளரை வைத்தாள். "இதுல மட்டும்தான் உங்களுக்கு ஒரு சந்தோஷம். அதையும் சத்தம்னு சொல்லிக் கெடுக்கணுமான்னு விட்டுட்டேன்."

அவன் எட்டி மோட்டாரின் சுவிட்சை அணைத்தான். மேலே குழாயில் களுக்கென்று ஒரு சத்தம். மேல்தொட்டியில் குழாய் வாய்க்கு மேலே நின்ற தண்ணீர் கீழே இறங்க ஆரம்பித்தது. கீழ்த்தொட்டியில் மட்டம் ஏறியது. சென்சாரைத் தாண்டியது, விளிம்பைத் தொட்டது, பிறகு அலட்டிக்கொள்ளாமல் வழிந்து அலமாரியிலிருந்து அவர்கள் பாதத்துக்கு வந்தது.

அவள் ஈரத்தில் நின்றபடியே பார்த்தாள். "இது... நான் பண்ணதா?"

"போறது உப்புத்தண்ணி. சாயங்காலம் நீ மோட்டாரைப் போட்டதும் தண்ணி மேல போயி கீழ மட்டம் குறையும். மெஷின் அந்த இடத்துக்கு நல்ல தண்ணி விட்டுடும். அது பாட்டுக்கு அது வேலையைத்தான் செஞ்சிருக்கு."

"ஐயோ. நான் என்னடான்னா, மெஷின் தண்ணி விடுதுன்னு அதைத் திட்டிக்கிட்டே துடைச்சேன்."

"நீ மட்டும் இல்லை." அவன் சென்சாரைக் காட்டினான். "இது முன்னாடி ரெண்டு விரல் கீழ இருந்தது. அப்ப நீ அணைச்சிருந்தாகூட வழிஞ்சிருக்காது. மட்டம் குறைஞ்சா மோட்டார் காத்தை உறிஞ்சி சத்தம் போடுமே, பகல்ல உனக்குத் தூக்கம் கெடும்னு நான்தான் ஏத்தி ஒட்டினேன்."

அவள் அவனை ஒரு கணம் பார்த்தாள். "அந்த உறிஞ்சற சத்தம் எனக்குக் கேக்கவே இல்லைங்க. உறுமல்தான் கேட்டுது."

"கேட்டிருக்கலாமே நான்."

"கேட்டிருக்கலாம்தான்."

கோபப்பட இருவருக்கும் தெம்பு இல்லை. அவள் பழைய துண்டைக் கொண்டுவந்து போட்டாள். அவன் சென்சாரைப் பிடுங்கி இரண்டு விரல் இறக்கி ஒட்டினான். மோட்டாரைக் குனிந்து பார்த்தால், அதன் முதுகு கண்ணாடியோடு ஒட்டி நின்றிருந்தது. கண்ணாடி அலமாரியோடு, அலமாரி சுவரோடு. உறுமல் போன வழி அதுதான். தூக்கிப் போட வைத்திருந்த ரப்பர் செருப்பை அவள் கழுவி எடுத்து வந்தாள். அவன் அதை வெட்டி, மோட்டாருக்கு அடியிலும் முதுகிலும் செருகினான்.

"வாசல் செருப்பு கடைசில இதுக்காவது உதவுச்சே," என்றாள்.

கீழ்த்தொட்டிக்கு உப்புத்தண்ணீர் கலந்து ஊற்றி, மோட்டாரைப் போட்டு, மறுபடி அணைத்தான். இருவரும் குனிந்து பார்த்தார்கள். மட்டம் ஏறி, விளிம்புக்கு ஒரு விரல் கீழே வந்து நின்றது. அப்படியே நின்றது. சுவிட்சைப் போட்டான். அவள் போய்ப் படுக்கையறைச் சுவரில் காதை வைத்தாள்.

"இருக்கு. ஆனா பக்கத்து வீட்டுல யாரோ பேசற மாதிரிதான். பொறுத்துக்கலாம்."

அவன் மைத்துனனை அழைத்தான். "சாயங்காலம் வந்து சாவியை வாங்கிக்கோடா. தீனி போடு, வேற எதையும் தொடாத. முக்கியமா சுவிட்சை."

"யாரு மாமா கெடுத்தது?"

அவள் போனை வாங்கினாள். "ரெண்டு பேரும்தான்டா. வை."

பெட்டியைக் கட்டிலில் திறந்து வைத்து, பாதி அடுக்கும்போதே அவள் பக்கத்தில் சாய்ந்துவிட்டாள். அவனும் மறுபக்கம் சாய்ந்தான். நடுவில் பெட்டி, வெளியே நல்ல வெயில்.

"ஏங்க," கண்ணைத் திறக்காமலே கேட்டாள், "கடலை ஒட்டின ரூம்னு சொன்னீங்களே. ராத்திரி பூரா இரைச்சலா இருக்குமே?"

"இருக்கும். அதுக்கு சுவிட்ச் கிடையாது."

"சரி. அங்க ராத்திரில நீங்களும் பக்கத்துல இருப்பீங்கல்ல," என்றாள். அவன் பதில் சொல்வதற்குள் தூங்கிப்போனாள்.